கிங் டபியின் கையில் இருந்த கரண்ட்

போன வருடம் எங்கள் பீடத்துக் கலைவிழாவில் மிக்சருக்குப் பொறுப்பாக நிண்டது நான். பொறுப்பு எண்டு சொல்லுறது கொஞ்சம் பெரிய சொல். சவுண்ட்ஸ் வாடகைக்குக் கொண்டுவந்த அண்ணை சாப்பிடப் போன அரை மணித்தியாலம் அதுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேணும், அவ்வளவுதான். அந்த அரை மணித்தியாலத்துக்குள் கரண்ட் நிண்டுவிட்டது. பயத்தில் மிக்சரின் சுவிட்சை நிப்பாட்டினேன், அம்ப்பைத் தொடவில்லை. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி அம்ப்புக்கு உயிர் வந்த பிறகு மிக்சரைத் திரும்பப் போட்டேன். ‘டொம்’ எண்டு ஒரு சத்தம். முன்வரிசை முழுக்கக் காதைப் பொத்தியது. ஒரு ஸ்பீக்கர் அதுக்குப் பிறகு அண்டைக்கு முழுக்கக் கரகரத்தது.

அண்ணை கை கழுவின ஈரத்தோடயே ஓடி வந்தார். “தம்பி, போடேக்க மிக்சர் முதல், அம்ப் கடைசி. நிப்பாட்டேக்க அம்ப் முதல், மிக்சர் கடைசி. இது தெரியாமல் ஏன் கை வைச்சனீர்?”

காரணம் பிறகுதான் விளங்கியது. மிக்சரைப் போடுற அந்தக் கணத்தில் அதின்ர வெளியீட்டில் ஒரு துள்ளல் வரும். அம்ப் அந்த நேரம் விழிச்சிருந்தால் அதையும் பாட்டைப் பெருப்பிக்கிற மாதிரியே பெருப்பித்து ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். அம்ப்புக்கு எது பாட்டு எது பிழை எண்டு தெரியாது.

அண்டைக்கே இன்னொரு பிழையும் செய்தேன். ‘எஃபெக்ட்’ எண்டு எழுதின ஒரு குமிழைத் திருகிப் பார்த்தேன். வரவேற்புரை கிணத்துக்குள் இருந்து வந்தது. இன்னும் கொஞ்சம் திருக, உரை போய் ஊளை மட்டும் மிஞ்சியது. இதுக்கு அண்ணை ஒண்டும் சொல்லவில்லை. வந்து மெல்லக் குறைத்துவிட்டார். அவருக்குக் கரண்ட் பிழைதான் பிழை, மற்றது வெறும் அலங்கோலம்.

வரலாறு படிக்கிறவனுக்கு ஒரு வியாதி இருக்கு. எந்தக் குமிழைப் பார்த்தாலும் இதை முதலில் திருகினவன் ஆர் எண்டு தேடத் தோணும். தேடினால் வழக்கமாகக் கிடைக்கிற கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1947இல் சிக்காகோவில் பில் புட்னம் எண்ட ஒலிப்பதிவாளர், ஸ்டூடியோவின் குளியலறைக்குள் ஒரு ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் வைத்து, ஹார்மோனிகட்ஸ் குழுவின் பாட்டுக்கு எதிரொலி எடுத்தார். பத்து வருடம் கழித்து, 1957இல், ஜேர்மனியின் ஈ.எம்.டி. கொம்பனி ஒரு பெரிய இரும்புத் தகட்டை அதிர வைத்து அதே வேலையைச் செய்கிற இயந்திரத்தை விற்கத் தொடங்கியது. நிறை ஏறக்குறைய 270 கிலோ. இந்தக் கதைகளில் வசதியான கட்டடம் இருக்கு, காசு இருக்கு, ஒழுங்கான மின்சாரம் இருக்கு. எஃபெக்ட் அங்கே பாட்டுக்குப் பூசுற பவுடர். பாட்டு முதல், பவுடர் பிறகு.

எஃபெக்டையே பாட்டாக்கின ஆள் வேறு இடத்தில் இருந்தார். அவர் பாடகர் இல்லை, ஒரு வாத்தியமும் வாசித்துப் பேர் எடுத்தவரும் இல்லை. ரேடியோ திருத்துகிறவர்.

*

ஒஸ்போர்ன் ரடொக் 1941 ஜனவரி 28இல் ஜமேக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் பிறந்தார். உலகத்துக்கு அவர் கிங் டபி. 1950களின் கடைசியில் ரேடியோ திருத்தத் தொடங்கினார்.

அந்தக் கால ஜமேக்காவில் சனம் பாட்டுக் கேட்டது வீட்டில் இல்லை, வெளியில். பெரிய அம்ப்பும் அலுமாரி அளவு ஸ்பீக்கர் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்திலோ வெளியிலோ அடுக்கி, இரவு முழுக்க இசைத்தட்டுப் போடுவார்கள். இதுக்குப் பேர் ‘சவுண்ட் சிஸ்டம்’. டியூக் ரீட், கொக்ஸன் டொட் மாதிரியான உரிமையாளர்களுக்கு இடையில் கடும் போட்டி. டியூக் ரீட் முன்னாள் பொலிஸ்காரர், மதுபானக் கடை வைத்திருந்தவர், ஆடல் இரவுகளுக்குத் துவக்கோடு வருவார். ஆரிடம் புதுப் பாட்டு இருக்கு, ஆரிடம் சத்தம் கூட எண்டதில்தான் போட்டி. எங்கட ஊர்த் திருவிழாவில் ஒவ்வொரு பகுதிக்காரரும் தங்கட இரவுக்குத்தான் கூடச் சனம் வரவேணும் எண்டு மல்லுக்கட்டுவார்களே, அதை இசைத்தட்டோடும் துவக்கோடும் நினைத்துப் பாருங்கள்.

இந்தப் போட்டியில் அடிக்கடி சாகிறது அம்ப்தான். எதிராளி வயரை வெட்டுவான், மழை நனைக்கும், உப்புக் காற்று பிடிக்கும். திருத்த ஒரு ஆள் வேணும். டபியிடம் வேலை வந்து குவிந்தது இப்படித்தான்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கு. ஜமேக்காவின் மின்சாரம் 110 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பக்கத்தில் இருக்கிற அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட் கிட்டத்தட்ட ஒண்டு எண்டபடியால் அமெரிக்கச் சாமான் அங்கே பிளக்கில் குத்தினவுடன் வேலை செய்யும். ஆனால் 60க்கு எண்டு அளந்து சுற்றின டிரான்ஸ்போமர் 50இல் ஓடினால் கூடச் சூடாகும். மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பிச் சுழலுகிற மோட்டர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும், பாட்டின் சுருதி இறங்கும். புகை வராது, பொறி பறக்காது, சாமான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். அப்படியான ஊரில் டிரான்ஸ்போமரைத் தானே சுற்றத் தெரிந்த ஆளுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும்! டபி அதைத்தான் செய்தார், கடைசி வரைக்கும் செய்தார். உலகம் முழுக்கப் பேர் எடுத்த பிறகும் வாட்டர்ஹவுஸ் பகுதியில் இருந்த அவருடைய இடத்துக்கு டிரான்ஸ்போமர் வாங்கவும் ஆட்கள் போனார்கள். அப்படிப் போன ஒரு பெடியன்தான் ஹோப்டன் பிரவுண். டிரான்ஸ்போமர் சுற்றியும் டிவி திருத்தியும் நிண்டு, பிறகு மிக்சரில் கை வைத்து, ‘சயன்டிஸ்ட்’ எண்ட பேரில் டப் இசையின் அடுத்த பெரிய ஆள் ஆனான். ஜி.டி.ஏ. 3 விளையாடினவர்கள் அதில் வருகிற கே-ஜா ரேடியோவில் அவன்ர வேலையைத் தெரியாமலே கேட்டிருப்பீர்கள்.

எங்களுக்கு இது அந்நியமான கதை இல்லை. சித்தப்பா கனடாவில் இருந்து கொண்டுவந்த சின்ன மிக்சர் ஒண்டின் அடாப்டரை எங்கட 230 வோல்ட்டில் நேரடியாகக் குத்தி, அஞ்சு செக்கனில் மணக்க வைத்த ஆள் நான். பின்பக்கத்தில் ‘120’ எண்டு தெளிவாகத்தான் எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட எங்கட அம்மாக்களுக்கு என்னைவிடக் கரண்ட் தெரிந்திருந்தது.

*

டப் இசை ஒரு மறதியில் பிறந்தது எண்டு சொல்லுவார்கள். 1960களின் கடைசி. ஸ்பானிஷ் டவுணில் சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்த ரடி ரெட்வுட், டியூக் ரீட்டின் ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோவுக்கு இசைத்தட்டு வெட்டப் போனார். பரகன்ஸ் குழுவின் பாட்டு. வெட்டிக்கொண்டிருந்த பைரன் ஸ்மித் குரல் இருந்த பகுதியைப் போட மறந்துவிட்டார். பிழையான தட்டை எறியாமல் ரடி அதை ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். முதலில் குரலோடு இருந்த தட்டைப் போட்டுவிட்டு, பிறகு குரல் இல்லாததைப் போட, அந்த வெறுமைக்குள் சனம் தானே பாடியது.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் ‘தற்செயல்’ எண்ட சொல்லில் நிண்டுவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஸ்டூடியோவில் தட்டு வெட்டுற வேலை செய்த டபி, குரலை எடுத்தால் என்ன மிஞ்சும் எண்டு பிறகு வேண்டுமெண்டே செய்து பார்த்தார். வருடக்கணக்காகச் செய்து பார்த்தார். மறதி ஒரு இரவு நடந்தது, மற்றதெல்லாம் வேலை. திருத்துகிறவனின் கண் அப்படித்தான் வேலை செய்யும். ஒரு அம்ப் பழுதானால் ஒவ்வொரு பகுதியாக நிப்பாட்டிப் பார்ப்பான், எது இல்லாவிட்டால் எது மாறுது எண்டு. டபி ஒரு பாட்டையும் அப்படித்தான் பார்த்தார்.

அவருக்குச் சொந்தமாக ஒரு சவுண்ட் சிஸ்டமும் இருந்தது, ‘ஹோம்டவுண் ஹை-ஃபை’. யூ-ரோய் அதில் மைக்கைப் பிடித்தார். அங்கே எக்கோவும் ரிவேர்பும் வந்தது சனத்துக்குப் புதுசு. இசைத்தட்டில் இருக்கிறதை அப்படியே போடுற மற்றவர்களுக்கு நடுவில், டபியிடம் அண்டைக்கு இரவு மட்டும் நடக்கிற ஒரு ஒலி இருந்தது.

1971–72 அளவில் தயாரிப்பாளர் பன்னி லீயின் உதவியோடு, டைனமிக் சவுண்ட்ஸ் ஸ்டூடியோ பாவித்துக் கழித்த எம்.சி.ஐ. மிக்சர் ஒண்டை டபி வாங்கினார். ட்ரோமிலி அவெனியூ 18ஆம் இலக்க வீட்டில் அதைப் பொருத்தினார். ஒரு இசைக்குழுவை நிப்பாட்டிப் பதிவு செய்ய அங்கே இடம் இல்லை. குரல் பதிகிற அறை முன்பு குளியலறையாக இருந்தது. எனவே வேறு ஸ்டூடியோவில் பதிந்த நாலு டிராக் நாடாதான் அவருக்கு வரும். மேளம், பேஸ், கிற்றாரும் கீபோர்டும், குரல். இந்த நாலையும் வைத்துக்கொண்டு ஏற்றுவதும் இறக்குவதும்தான் வேலை.

இந்த இடத்தில் மிக்சரின் உள் வழியைக் கொஞ்சம் சொல்ல வேணும், இல்லாவிட்டால் அவர் செய்தது விளங்காது. தோட்டத்தில் தண்ணி மாறினவர்களுக்கு இது லேசு. ஒவ்வொரு சனலும் ஒரு வாய்க்கால். பெரிய ஃபேடர் தண்ணியை நேரே முதன்மை வாய்க்காலுக்கு விடும். பக்கத்தில் சின்னக் குமிழ் ஒண்டு இருக்கும், ‘ஒக்ஸ்’ எண்டு எழுதியிருக்கும். அது அதே தண்ணியில் கொஞ்சத்தை வேறு பாத்திக்கு வெட்டிவிடும். அந்தப் பாத்திதான் எஃபெக்ட் பெட்டி. அங்கே எதிரொலியாக மாறினது இன்னொரு சனல் வழியாக மிக்சருக்குத் திரும்பி வரும். அப்படித் திரும்பி வாற சனலின் ஒக்ஸ் குமிழையும் திறந்துவிட்டால்? எதிரொலி திரும்பவும் எஃபெக்டுக்குப் போகும், இன்னொரு எதிரொலியாக வரும், திரும்பவும் போகும். கொஞ்சம் திறந்தால் சொல் மெல்லத் தேய்ந்து தூரப் போகும். அளவு தாண்டினால் ஒவ்வொரு சுற்றிலும் பெருத்து, கடைசியில் ஸ்பீக்கரைக் கிழிக்கிற ஊளை.

டப்பில் நீங்கள் கேட்கிற அந்த முடிவில்லாத எதிரொலி இந்தச் சுற்றின் விளிம்பில் நிக்கிறது. ஒரு மயிரிழை கூடினால் விபத்து. டபியின் விரல் அந்த இடத்தில் நிண்டது. அவர் தன் அம்ப்பையும் தன் ஸ்பீக்கரையும் தானே கட்டினவர், எது எவ்வளவு தாங்கும் எண்டு அவருக்கு அளவு தெரியும். அளவு தெரியாமல் அந்த விளிம்பில் நிண்டால் என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட வரவேற்புரை சாட்சி.

அவர் பாவித்த பெட்டிகளும் பெரிய விலைச் சாமான் இல்லை. 270 கிலோத் தகடு எங்கே, இவருடையது எங்கே. ஃபிஷர் கொம்பனி வீட்டு ஹை-ஃபைக்கு எண்டு செய்த ஸ்பிரிங் ரிவேர்ப் பெட்டியைத் திருத்தி மாற்றி வைத்திருந்தார். அதுக்குள் இருக்கிறது மெல்லிய கம்பிச் சுருள். ஒலி ஒரு முனையில் அதை ஆட்ட, மறுமுனையில் நடுக்கத்தோடு வெளியே வரும். பெட்டியைத் தூக்கிப் போட்டாலோ தட்டினாலோ சுருள் ஒண்டோடு ஒண்டு மோதி இடி மாதிரி ஒரு சத்தம் தரும். வேறு ஆரும் செய்தால் அது உடைப்பு. டபி அந்த இடியை மேளத்துக்கு நடுவில் விழுத்தினார். எக்கோவுக்கு ஒரு நாடா இயந்திரம். அந்த எம்.சி.ஐ. மிக்சரில் ஒரு பெரிய குமிழும் இருந்தது, தாழ்ந்த ஒலிகளை வெட்டுகிற ஃபில்டர். 70இல் இருந்து 7500 ஹெர்ட்ஸ் வரைக்கும் படிப்படியாக ஏறும். திருகத் திருகப் பேஸ் போகும், பிறகு மேளத்தின் உடம்பு போகும், கடைசியில் சிம்பலின் ‘ஸ்’ மட்டும் மிஞ்சும். பிறகு ஒரேயடியாகத் திருப்பினால் முழுப் பேஸும் வந்து நெஞ்சில் இடிக்கும். ஒலிப்பதிவாளர் இரைச்சலைச் சுத்தம் செய்யப் பாவிக்கிற குமிழ் அது. அவர் அதை வாசித்தார்.

ஒகஸ்டஸ் பப்லோவோடு செய்த ‘கிங் டபிஸ் மீட்ஸ் ரொக்கர்ஸ் அப்டவுண்’ தொகுப்பு 1976இல் வந்தது. அதே பேரில் உள்ள பாட்டு ஜேக்கப் மில்லர் பாடின ஒரு காதல் பாட்டின் டப். மில்லரின் குரல் துண்டு துண்டாக வந்து, முடிக்க முதல் எதிரொலிக்குள் விழுந்துவிடும். முதல் தரம் கேட்ட போது போனில் ஏதோ பழுது எண்டுதான் நினைத்தேன்.

*

டபி தன் மிக்சரை வாங்கின அதே காலத்தில், 1972 மே 3இல், பிரித்தானியாவின் சுவான்சியில் இன்னொரு சம்பவம் நடந்தது. ஸ்டோன் த குரோஸ் எண்ட ஸ்கொட்லாந்துக் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையில், சனத்துக்கு முன்னால், மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 27. ஒரு கை கிற்றார்க் கம்பியில், மற்றக் கை மைக்கில். மைக்குக்கு ஒழுங்கான எர்த் இருக்கவில்லை.

இதை டபியின் கதைக்குள் கொண்டுவாறது வேண்டுமெண்டேதான். எர்த் வயர் பாட்டுக்கு ஒண்டும் தராது. அது இருக்கிறதும் கேட்காது, இல்லாததும் கேட்காது. சில வேளை இருக்கிறதுதான் கேட்கும். அம்ப் ஒரு பிளக்கிலும் மிக்சர் தூரத்தில் இன்னொரு பிளக்கிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் இடையில் ஒரு வட்டம் உருவாகி ‘ம்ம்ம்’ எண்டு இரையும். அந்த இரைச்சலை நிப்பாட்ட எர்த் வயரைக் கழட்டி விடுகிறவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இரைச்சல் நிண்டுவிடும். கைதட்டுக் கிடைக்கும். பிறகு ஏதாவது ஒரு பெட்டிக்குள் ஒரு வயர் உரிந்து உலோகத்தில் முட்டினால், அந்தக் கரண்ட் போக வேறு வழி இல்லாமல் மைக் பிடிக்கிற கையைத் தேடும். இரைச்சலுக்கு மருந்து எல்லாத்தையும் ஒரே பிளக் வழியில் இருந்து எடுக்கிறது. இல்லாவிட்டால் சத்தம் போகிற கேபிளில் ஒலி டிரான்ஸ்போமர் ஒண்டை இடையில் போடுறது. மெயின்ஸ் எர்த்தில் கை வைக்கிறது இல்லை.

டபியோடு வேலை செய்தவர்கள் அவரைப் பற்றிச் சொல்லுகிற போது முதலில் வருகிறது சுத்தம். மடிப்புக் குலையாத உடுப்பு, துப்புரவான வேலையிடம், ஓய்வில் கேட்கிறது ஜாஸ். இவ்வளவு கலவரமான ஒலி இவ்வளவு ஒழுங்கான ஆளிடம் இருந்து வந்தது சிலருக்கு முரணாகத் தெரிகிறது. எனக்கு அதில் முரண் தெரியவில்லை. வயர் ஒழுங்காக இருந்தபடியால்தான் ஒலியைக் கலைக்க முடிந்தது.

அந்த நாள் கிங்ஸ்டனில் பாட்டின் உரிமை காசு போட்ட தயாரிப்பாளருக்கு. பாட்டைப் பிரித்து மேய்ந்து வேறொண்டாக ஆக்கின ஆளுக்குக் கூலி. ஆனாலும் டபியின் பேர் இசைத்தட்டு உறைகளில் பெரிதாக வந்தது, அந்தப் பேர் இருந்தால் விற்கும் எண்டபடியால். மிக்சரில் இருக்கிற ஆளின் பேரைப் பார்த்துச் சனம் காசு குடுத்தது இசையின் வரலாற்றில் அதுக்கு முதல் எத்தனை தரம் நடந்திருக்கும்? எங்கட கலைவிழா அழைப்பிதழைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நடனம் பழக்கினவர் பேர் இருக்கு, ஒப்பனை இருக்கு, அனுசரணை செய்த கடைகள் எல்லாம் இருக்கு. சவுண்ட்ஸ் அண்ணையின் பேர் இல்லை. இந்தக் கட்டுரையிலும் இல்லை, அது அவர் வேண்டாம் எண்டதால்.

டபி 1989 பெப்ரவரி 6 அதிகாலை, வாட்டர்ஹவுஸ் ஸ்டூடியோவில் வேலை முடித்துத் திரும்பி வந்த போது, டுஹேனி பார்க்கில் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தார். வயது 48. கொள்ளையடிக்க வந்தவர்கள் எண்டு நம்பப்படுகிறது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அவருடைய மிக்சர் பிறகு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து இசை அருங்காட்சியகத்துக்குப் போனது.

இந்த வருட விழாவுக்கு முதல் நாள் அண்ணைக்கு என்ர போனில் டபியின் டப் ஒண்டைப் போட்டுக் காட்டினேன். மேசையில் டெஸ்டரும் கறுப்பு டேப்பும். அரை நிமிசம் கேட்டிருப்பார், அந்த இடி விழுந்தது.

“இது ஸ்பிரிங் எல்லோ. பழைய கிற்றார் அம்ப்பை ஆரும் இடிச்சா இப்பிடித்தான் கத்தும். நாங்கள் இடிச்சவனுக்கு ஏசுவம்.”

“இவர் வேணுமெண்டே இடிச்சவர் அண்ணை.”

பாட்டு முடியுமட்டும் போனைக் காதில் வைத்திருந்தார். பிறகு எழும்பி ஜெனரேட்டருக்கு எண்ணெய் பார்க்கப் போனார். போகேக்க மிக்சரைக் காட்டி, “நாளைக்கு மெல்லிசைக்கு ரிவேர்ப் நீர் பாரும். கதைக்க வாறவையளுக்கு மட்டும் பூச்சியத்தில விடும்” எண்டார்.